சிவராஜ் வாசித்த இரங்கல் தீர்மானம்

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்குக் கடிதம், தீர்மானம் எல்லாம் எழுதுவது நான். இருபது வருடமாக எழுதுகிறேன். யாரும் பாராட்டியதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்: என் இரங்கல் தீர்மானங்களில் ஒரு பிழை இருக்காது.

சிவராஜ் எங்கள் சங்க இயக்குநர்களில் ஒருவர். வயது ஐம்பத்து நான்கு. தறியில் உட்கார்ந்தால் ஓர் இழை தப்பாது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் பக்கத்துத் தறிக்காரர் பரமசிவம் ஒருவரே. சங்கத்திலிருந்து தாள் வந்தால் இருவரும் டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது சிவராஜுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அப்படி என்ன டீயோ என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஆடியில் பரமசிவம் மாரடைப்பில் போய்விட்டார். பொதுக்குழுவில் இரங்கல் தீர்மானத்தைத் தானே வாசிப்பதாகச் சிவராஜ் பிடிவாதம் பிடித்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அகிலாவிடம் மட்டும் விஷயத்தை உடைத்திருக்கிறார்; எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அவள் ஒரு பேனா அனுப்பினாள். எழுதாத பேனா. அச்சடித்த வரிமேல் நகர்த்தினால், காதில் மாட்டிய கருவி வழியாக அந்த வரியைப் படித்துச் சொல்லும். இரண்டு வாரம் பழகினார். உப்புப் பாக்கெட், மாத்திரை அட்டை, ஐயம்பேட்டை பஸ் டிக்கெட். எல்லாம் ஒற்றை வரி. தீர்மானத்தை முன்கூட்டியே தரச்சொல்லி என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார், பாவம். நான் கூட்டம் ஆரம்பித்த பிறகுதான் அச்செடுத்தேன்.

அவர் காதில் இருந்ததைக் காது மிஷின் என்று நினைத்து எல்லாரும் அவரிடம் சத்தமாகப் பேசினார்கள். பிறகு எழுந்து நின்றோம். முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாம் வரி ஏதோ புரியாத பாஷை. அதையும் அதே துக்கக் குரலில் வாசித்தார். மூன்றாவது சரி. நான்காவது மறுபடி பாஷை. சமஸ்கிருதம்போல என்று நினைத்து ஜனங்கள் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள்.

அவர் கை போன போக்கைப் பார்த்தேன்; பேனா விஷயம் தெரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நாற்பது வருடம் நாடா ஓட்டிய கை. தறியில் ஊடை நூலை இழுத்துப்போகும் நாடா வலப்பக்கம் போனால் அங்கிருந்தே இடப்பக்கம் திரும்பும். வெறுமனே திரும்பிவந்து மறுபடி ஆரம்பிக்காது. பேனாவையும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். வலமிருந்து இடமாகத் திரும்பி வந்த வரிகளையெல்லாம் அது கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிக் கூட்டிச் சொன்னது.

ஐந்தாம் வரியில் நிறுத்தினார். பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுபா," என்றார். "முப்பது வருசமா எனக்கு வந்த காயிதம் எல்லாம் பரமசிவம்தான் படிச்சான். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இந்தப் பேப்பர்ல அது இருக்குதா?"

இல்லை. அதில் பரமசிவம் சங்கத்தில் சேர்ந்த தேதி இருந்தது, வகித்த பொறுப்புகள் இருந்தன, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று இருந்தது. போன வருடம் இறந்த வேறொருவருக்கும் அதையேதான் போட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இல்லை என்றேன். எழுதச் சொன்னார். நின்றபடியே எழுதினேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் தாளை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே படி, வெங்கடேசா," என்றார். "இனிமே நீதான் எனக்குப் படிக்கணும்."