ரவிக்கையில் மூன்று புள்ளி

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் வீடு. விடியற்காலையில் காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்களின் பேச்சு தெருவில் மிதந்து வரும். அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குட்டித் தூக்கம் போடுவேன். பகல் கனவு காண்பதில் பிறந்த வீட்டிலேயே பேர் வாங்கினவள் நான்.

காட்டூரில் என் அம்மா வீட்டில் துணியை நாங்களே துவைத்துக்கொள்வோம். இங்கே சலவைக்காரர் வந்து மூட்டை கட்டி எடுத்துப் போவார். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்கு மாறிவிடாமல் இருக்க, சேங்கொட்டையைக் குத்தி அதன் சாற்றால் வீட்டுக்கு ஒரு குறி வைப்பார். எத்தனை தடவை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எங்கள் வீட்டுக் குறி மூன்று புள்ளி. முதல் தடவை என் துணி வெளுத்து வந்தபோது, ரவிக்கையின் கழுத்துப் பட்டிக்கு உள்ளே அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் சட்டையில் இருக்கும் அதே மூன்று புள்ளி. விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனி நான் இந்த வீட்டுப் பெண் என்று தாலி கட்டிய அன்றுகூட அப்படித் தோன்றவில்லை, அன்றைக்குத்தான் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நாளில் பிடரியில் அரிப்பு தொடங்கியது. பிறகு சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகி நீர் வடிந்தது. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார், ஆனால் கை சும்மா இருக்காது. அறுகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிக்க வைத்தார். தேங்காய்ப்பால் பிழிந்து தடவினார். தடவும்போது சொர்க்கம், மறுநாள் மறுபடியும் நரகம்.

ஆடி மாதம் வந்தது. புதுப்பெண் என்பதால் வழக்கப்படி என்னைக் காட்டூருக்கு அழைத்துப் போனார்கள். அம்மா புது ரவிக்கைகளும் பாவாடைகளும் தைத்து வைத்திருந்தாள். எள்ளைப் பால் விட்டு அரைத்துப் பூசினாள். மாதம் முடிவதற்குள் பிடரி பழையபடி ஆகிவிட்டது. அம்மாவுக்குத் தன் எள்ளின் மேல் ஒரே பெருமை. ஆவணியில் ஸ்ரீரங்கம் திரும்பினேன். புதுத் துணிகள் வெளுக்கப் போய் வந்தன. அரிப்பும் திரும்பி வந்தது. அத்தை அதே எள்ளை அரைத்துப் பூசியும் கேட்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஏதோ சீக்கை மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. அத்தை அதை நம்பவில்லை, வேறு ஒன்றை நம்பினார்.

"அங்க போனா ஆறுது, இங்க வந்தா வருதுன்னா என்ன அர்த்தம்? இந்த வீடு உனக்குப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடும்மா."

எனக்கு அந்த வீட்டை அவ்வளவு பிடிக்கும். அதைச் சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த வீட்டுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லையோ என்று நானே நினைக்க ஆரம்பித்திருந்தேன். அழுததை அத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னைக் காட்டூரில் விட்டுவருவது என்று முடிவாயிற்று. அம்மா பேச்சைத் தட்டாத என் வீட்டுக்காரர் ஒன்று மட்டும் சொன்னார்: "போற வழியில டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடும்மா."

காலடியில் டிரங்குப் பெட்டியோடு அத்தையும் நானும் டவுன் பஸ்ஸில் பாலத்தைக் கடந்தோம். காவிரி கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பதாகவும், பிடரியெல்லாம் குளிர்வதாகவும் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். பாலம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

தெப்பக்குளம் பக்கத்தில் இருந்தது ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பிடரியைப் பார்த்துவிட்டு, "இடுப்புலயும் இருக்கா?" என்று கேட்டார். தூக்கிவாரிப்போட்டது. பாவாடைப் பட்டி படும் இடத்தில் இருந்ததை வெட்கப்பட்டு யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. தலையாட்டினேன். அவர் என் ரவிக்கைப் பட்டியைப் புரட்டி அத்தையிடம் காட்டினார். கறுப்புப் புள்ளிகள் படும் இடத்திலேயே புண். பாவாடைப் பட்டியிலும் அதே புள்ளிகள்தான்.

"சேங்கொட்டைங்க. எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது, சில உடம்புக்கு ஆகாது. இது யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க."

"அப்ப நாங்க அரைச்சுப் பூசினதெல்லாம்?"

"அதைக் குத்தம் சொல்லலம்மா. பூசிட்டு மறுபடியும் இதே ரவிக்கையைத்தானே போட்டுக்கிட்டாங்க? அப்புறம் எப்படி ஆறும்?"

காட்டூரில் ஆறியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அங்கே உடுத்தியதெல்லாம் குறி படாத துணி. டாக்டரம்மா ரோஸ் நிறத்தில் ஒரு லோஷனும் மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்றார்.

வெளியே வந்தோம். காட்டூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நடந்தார். "வா, ஸ்ரீரங்கம் பஸ் வந்துடுச்சு" என்றார்.

ஏற்கெனவே தூங்குமூஞ்சி, அதில் மாத்திரை வேறு. பகலெல்லாம் மயக்கமாகக் கிடந்தேன். அறைக்குள் காவிரி வந்துபோகும். லோஷன் காய்ந்து பிடரி குளிரும். எங்கிருந்தோ தேங்காய்ப்பால் வாசனை வரும். ஜன்னலோரம் யாரோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது போலவும், அவர் கையிலிருந்து சிவப்பாக ஒரு நூல் நீண்டுகொண்டே போவது போலவும் தெரியும். கனவு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தூக்கம் தெளிந்த ஒரு நாள் எழுந்து பார்த்தால், தலைமாட்டில் என் ரவிக்கைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பழைய கழுத்துப் பட்டியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தது. உள்பக்கம் சிவப்பு நூலில் மூன்று புள்ளி. அத்தைக்குக் கண்பார்வை மட்டு. ஒரு புள்ளி பெரிதாகவும் ஒன்று மிளகாய் விதை அளவிலும் கோணல்மாணலாக இருந்தன. பாவாடைகளிலும் அப்படியே.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனி உன் துணியில சேங்கொட்டை வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்காகக் குறியே இல்லாம விட முடியுமா? நம்ம வீட்டுதுன்னு தெரிய வேணாமா?"

நம்ம வீடு என்றாரே, அது போதும். மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை அதை அவர் சரியாகவே எடுத்துக்கொண்டார்.

அத்தை போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, சலவைக்காரருக்குத் துணி போடும் வழக்கமும் வீட்டில் நின்றுபோனது. ஆனாலும் புதிதாக ஒரு ரவிக்கை தைத்து வந்தால் உள்ளே சிவப்பு நூலில் மூன்று புள்ளி வைத்த பிறகுதான் உடுத்துகிறேன். அந்த நூல் பிடரியில் படும்போதெல்லாம், காட்டூர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்த அந்தக் கை இன்னும் என் கையைப் பிடித்திருக்கிறது.