இருநூற்றுப் பதிமூன்றாவது பறவை

இருதயராஜிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது நிச்சயம் முடியும். எப்போது முடியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. செகந்திராபாத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் எங்கே குறை கண்டாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். குறையைச் சரி செய்தவன்தான் குறியை அழிக்க வேண்டும். ஒரே ஒரு குறி மிச்சமிருந்தாலும் பெட்டி வெளியே போகாது.

மற்றவர்களுக்கு இது பணிமனை வாசலோடு முடிந்துவிடும் வழக்கம். இவருக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இவர் மாட்டிய மேல் படுக்கையின் சங்கிலி கழன்று விழுந்ததில் ஒரு பெண்மணிக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து வீட்டுத் தையல் மெஷினில்கூடச் சாக்பீஸ் குறி விழ ஆரம்பித்தது.

மனைவி ரோஸ்லின் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் பஸ் ஏறிவிடுவாள். பார்த்த பறவைகளுக்கு எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். தன் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவாள். குரல் கேட்டது, கூட வந்தவர் பார்த்தார் என்ற கதையெல்லாம் அந்த நோட்டில் எடுபடாது. இந்த விஷயத்தில் புருஷனுக்குச் சளைத்தவள் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகள் சேர்ந்திருந்தன. இருநூற்றுப் பதிமூன்றாம் எண்ணுக்கு நேரே ‘பூநாரை’ என்று முன்கூட்டியே எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஊருக்கு மேற்கே கச்சிபௌலிப் பக்கம் ஏரிகளைத் தூர்த்துக் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் ஆந்திரக் கடலோரமாகப் பழவேற்காடு ஏரிவரை போக வேண்டும். அவை கூட்டமாக வந்து இறங்குவது பனிக்காலத்தில். அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழில் இருவரும் ஓய்வு பெற்றார்கள். அதே வருடம் ரோஸ்லினுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை காலம் என்றதற்கு, இரண்டு மூன்று வருடம், அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இருதயராஜ் போய் ஒரு பழைய வேனை வாங்கி வந்தார். கச்சிபௌலிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கி ஓய்ந்த வண்டி. அதற்குள் படுக்கை, அடுப்பு, சொட்டு மருந்துக்கு ஐஸ் பெட்டி எல்லாம் வைத்து, வீடிருக்கும் ஹப்சிகுடாவிலிருந்து கிளம்பி பாபட்லா, சீராலா, நெல்லூர் என்று கடலை ஒட்டியே போவது, தண்ணீர் ஓரத்திலேயே தூங்கி எழுந்து பறவை பார்ப்பது என்று திட்டம்.

முதல் பனிக்காலம் வந்தபோது படுக்கைச் சங்கிலி சரியில்லை. வண்டி முழுக்க இருபத்தேழு குறி. ரோஸ்லின், “அடுத்த வருஷம் போலாம், இன்னா இப்போ” என்றாள். இரண்டாவது பனிக்காலத்தில் கூரை ஒழுகியது, சரி செய்தால் கதவு உட்காரவில்லை. பணிமனைத் தோழர் ஜம்புநாதன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“அரே இருதயம், கைக்குடா, எதுக்குடா இவ்ளோ யோசனை? வண்டி ஓடுதில்ல? ஏத்திக்கினு போடா!”

“நக்கோ ஜம்பு, வேணாம். வழியில சங்கிலி கழண்டா?”

“அவ கண்ணு கழண்டா இன்னாடா பண்ணுவ?”

அந்தப் பேச்சு இருதயராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் சாக்பீஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பறவைகள் அடுத்த வருடமும் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பறவைகள் வரும்தான், அதில் யாருக்குச் சந்தேகம்?

இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி. ஒரு காலையில் பால் வாங்கித் திரும்பியவர் வேனின் பின்னால் ரோஸ்லின் நிற்பதைக் கண்டார். கையில் ஈரத் துணி. திருட்டுத்தனமாகக் குறிகளை அழிக்கிறாள்! சிரிப்பும் கோபமும் சேர்ந்து வர, சத்தமில்லாமல் கிட்டே போனார். கதவின் கீல் பக்கம் பெரிதாக ஒரு குறி பளிச்சென்று இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் தகரத்தைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள் ரோஸ்லின்.

பால் பாக்கெட் கையிலிருந்து நழுவியது. சத்தம் கேட்டுத் திரும்பியவள், அவர் நின்ற இடத்தை விட்டுப் பக்கத்தில் பார்த்துக் கேட்டாள். “எல்லாம் அழிஞ்சுதுங்களா? இப்பவாவது போலாமா?”

“அழிஞ்சுது ரோசு. நாளைக்கே போலாம்.”

ஒன்பது குறிகளோடு அந்த வேன் மறுநாள் புறப்பட்டது. அவர் வாழ்நாளில் குறியோடு வெளியே விட்ட ஒரே வண்டி அதுதான். நாலு நாள் பயணத்தில் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. எதற்குமே மூன்று வருடம் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது மைலுக்கு மைல் அவருக்கு உறைத்தது. கழன்று விழுந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ரோஸ்லின் என்னவோ சந்தோஷமாகத்தான் வந்தாள். பாபட்லா பக்கம் சூர்யலங்கா கடற்கரையில் காதை வைத்தே ஆலா எது, உள்ளான் எது என்று சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கொக்கு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாம் ஏற்கெனவே நோட்டில் இருந்த பறவைகள்.

நாலாம் நாள் காலை, நெல்லூருக்குத் தெற்கே சூளூர்ப்பேட்டையைத் தாண்டி, பழவேற்காடு ஏரி நடுவே போகும் சாலையில் வண்டியை ஓரம் கட்டினார். தண்ணீர் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் நீளமாக ஒரு கோடு. கோடு அசைந்தது. ஆயிரக்கணக்கில் பூநாரைகள், தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

பைனாகுலரை அவள் கையில் கொடுத்துத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவள் வெகுநேரம் பார்த்தாள். கொஞ்சம் இடமாகத் திருப்பினாள், கொஞ்சம் வலமாகத் திருப்பினாள்.

“வெளிச்சம் தெரியுதுங்க” என்றாள் கடைசியில். “நல்ல வெளிச்சம்.”

“சத்தம் கேக்குதில்ல? வாத்து மாதிரி? அதான் ரோசு, அதேதான்!”

“கேக்குது.”

அவர் நோட்டை எடுத்துப் பிரித்தார். “நான் தேதி போட்டுடறேன். இருநூத்திப் பதிமூணு.”

“வேணாங்க. நான் பாக்கல.”

“நான் பாத்தேனே! ஆயிரக்கணக்குல இருக்குது. எழுதிக்கறேன் ரோசு, உன் கால்ல விழறேன்.”

ரோஸ்லின் தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. “வேலை முடியாம நீங்க ஒரு குறியையாவது அழிச்சிருக்கீங்களா? எனக்கு மட்டும் எப்படிங்க மனசு வரும்?”

இருதயராஜ் சாலையோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். லாரிகள் போயின, யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே நோட்டை வாங்கித் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். “இது உங்க பக்கம். பாத்தது நீங்கதானே, நீங்க எழுதுங்க.”

அவர் ஒன்று என்று எண் போட்டு, பூநாரை என்று எழுதி, தேதி போட்டார். முன்பக்கப் பட்டியலில் இருநூற்றுப் பதிமூன்றாம் எண்ணுக்கு நேரே தேதி காலியாகவே இருந்தது.