தேங்காய்ப்பால் விடாத சொதி

தேங்காய்ப்பால் விடாத சொதியைச் சொதி என்றே சொல்லக்கூடாது. மஞ்சள் தண்ணீர் என்று சொல்லலாம். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் இரண்டு வருடமாக அதைத்தான் சோற்றில் ஊற்றினோம்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து தப்பிய பிறகு, டொக்டர் விழுங்கக் குளிசைகள் தந்து, எண்ணெயையும் கொழுப்பையும் குறைக்கும்படி சொன்னார். அம்மாவுக்குக் குறைப்பது என்ற கணக்கே தெரியாது. தேங்காய் துருவுகிற திருவலையைத் தூக்கிக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டார். நல்லெண்ணெய், கச்சான் கடலை, மீன், முட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறின. மிஞ்சியது சோறும் அவித்த மரக்கறியும்தான். எங்கள் வீட்டில் ஒரே சட்டி. அப்பாவுக்கு ஆகாதது எவருக்கும் இல்லை. நான் வேலைக்குப் போகிறவள், மத்தியானம் கொள்ளுப்பிட்டியில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிடுவேன். அம்மாவுக்கு அந்தச் சட்டியை விட்டால் வேறு கதியில்லை.

"குறைக்கச் சொன்னால் நிப்பாட்டுறதே அம்மா?" என்று சண்டை பிடிப்பேன்.

"கொஞ்சமெண்டு துவங்கினா கை நிக்காது பிள்ளை" என்பார்.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வரும்போது, காலி வீதிக் கடையொன்றின் வாசலில் அப்பாவைக் கண்டேன். கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவரின் கையில் மட்டன் றோல்ஸ். விரலெல்லாம் எண்ணெய்.

"நாக்குச் செத்துப்போச்சு பிள்ளை. அம்மாட்டச் சொல்லிப்போடாதை" என்றார்.

வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கி வீதியில் எறிந்திருப்பேன். அம்மாவுக்குத் தெரிந்தால் நொந்துபோவார் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் அம்மா பாதியாகியிருந்தார். சட்டை தோளில் நிற்காது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது. கேட்டால், "வயசு போகுதெல்லே" என்பார். பிறகு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

களுபோவில ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த டொக்டர், வீட்டில் என்ன சாப்பாடு என்று விசாரித்தார். சொன்னேன்.

"உடம்புக்கு அளவான கொழுப்பும் வேணும். கீரையைத் திண்டாலும் அதில இருக்கிற விற்றமின் சேரக் கொஞ்சமெண்டாலும் எண்ணெய் வேணும். இவவில ஒண்டுமே மிச்சமில்லை" என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சுதான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் தேங்காய்ப்பால் விட்டு மீன் சொதி வைத்துக்கொண்டு போனேன். அம்மா மணந்து பார்த்துவிட்டு, "இது அப்பாவுக்கு ஆகாதே" என்று முகத்தைத் திருப்பினார்.

பக்கத்தில் நின்ற அப்பா உடைந்துபோனார். "நான் ஒவ்வொரு நாளும் கடையில திண்டனான். நீர் இதைக் குடியுமப்பா."

"தெரியும்" என்றார் அம்மா. "உங்கட சேட்டுகளைத் தோய்க்கிறது நானெல்லே. எண்ணெய் மணக்கும்."

"தெரிஞ்சும் பிறகேன் அம்மா நீங்கள் சாப்பிடாமல் கிடந்தனீங்கள்?" நான் கத்தியே விட்டேன்.

"பால்குடிப் பிள்ளைக்கு வருத்தமெண்டால் தாய்தானே பத்தியம் இருக்கிறவ. இவர் இருக்கமாட்டார் எண்டு விளங்கிச்சுது. அதுதான் நான் இருந்தனான்."

அதற்குப் பிறகும் ஒரு கரண்டிகூட உள்ளே போகவில்லை. படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டி, அம்மா போய்விட்டார்.

செத்தவீடெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அப்பாவின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. குளிசை வேலை செய்கிறது என்றார் டொக்டர். அப்பா அதை நம்பவில்லை.