அம்மாவின் தோசைக்கல்லும் படையலில் வைத்த பர்கரும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்த மாமா, கூடவே ஒரு கட்டளையும் போட்டார். "அக்கா பேரு கெடாம கௌரவமா எழுது. அந்த பர்கர் கதையெல்லாம் வாணாம்" என்றார். மாமா அம்மாவின் உடன்பிறந்த தம்பி, அடையாறில் இருக்கிறார். அவர் சொல்லைத் தட்டக் கூடாது என்பதால் முதலில் கௌரவமாகவே தொடங்குகிறேன்.

அம்மா மந்தைவெளியில் பிறந்தார், அங்கேயே வளர்ந்தார், மணமான பிறகும் அதே தெருவில் சில வீடுகள் தள்ளிக் குடிபோனார். தி.நகரில் தொலைபேசி ஆபரேட்டர் வேலை. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காலமானார். அன்று மார்பில் அடித்துக்கொண்டு அழுத சொந்தங்களில் பாதிப் பேர், காரியம் முடிந்த பிறகு எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மலரைப் புரட்டும் சிலருக்கு இந்த வரி உறுத்தும். உறுத்தட்டும். அம்மா யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தார். என்னைப் படிக்க வைத்துத் தரமணிக்கு வேலைக்கும் அனுப்பினார்.

மறைந்தவரின் நற்குணங்களைச் சொல்வது வழக்கம். அம்மாவிடம் எல்லோருக்கும் தெரிந்த குணம், எதையும் ஒரே பார்வையில் மட்டம் தட்டிவிடுவது. கல்யாணச் சாப்பாடு, பக்கத்து வீட்டுத் திரைச்சீலை, எதுவும் தப்பாது. மாமா ஆசையாகக் கார் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தியபோது, "இதுக்குப் பேரு காரா?" என்று கேட்டார். மாமா இன்னும் அதை மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் வாய் நிறையப் புகழ்ந்த பொருள் உலகத்தில் ஒன்று இருந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்து டிபன் ஓட்டலில் போட்ட வெஜ் பர்கர்.

ஒன்றும் பிரமாதமில்லை. பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பிசைந்த கட்லெட், பச்சை வெங்காயம், கொஞ்சம் முட்டைக்கோஸ், புதினாச் சட்னி, வட்ட பன். சம்பள நாளில் பள்ளிச் சீருடையோடு என்னைக் கூட்டிப் போவார். சாப்பிடும்போது பேசக் கூடாது. நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களிடம் பேசிக் களைத்தவருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் ஓய்வு. கடைசி வாய் இறங்கிய பிறகு, "இதாண்டி சாப்பாடு" என்பார்.

அப்புறம் அந்த ஓட்டலை இடித்துப் புதுப்பித்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த முதலாளி மகனின் கைங்கரியம். சுவரெல்லாம் பிளாஸ்டிக் கொடி, கல்யாணப் பத்திரிகை கனத்தில் மெனு கார்டு. அதில் எங்கள் பர்கர் இல்லை. "அந்த ஐட்டம் ஸ்டாப் பண்ணிட்டோம் மேடம். கினோவா பர்கர் ட்ரை பண்ணுங்க" என்றார் மேனேஜர். கினோவா ஏதோ வெளிநாட்டுத் தானியமாம். அதுவும் வந்தது. கரி நிறத்தில் ஒரு பன், மரப்பலகை மேல். தட்டு வாங்க வக்கில்லை போலிருக்கிறது. அம்மா ஒரு கடி கடித்துக் கீழே வைத்தார். "இன்னா நைனா, இத நீ துன்னு பாத்தியா?" என்று மேனேஜரைக் கேட்டுவிட்டு எழுந்து நடந்தார். இப்போது அங்கே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்களாம். நிற்கட்டும், அவர்களுக்கு அதுதான் லாயக்கு.

நோய் வந்த பிறகு, கடைசி மாதங்களில் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அவராகவே, "அந்த பர்கர் கெடச்சா துன்னுவேன்" என்றார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதை எப்படியாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

கட்லெட் அந்தப் பழைய ருசிக்கு வந்துவிட்டது. சட்னியும் வந்துவிட்டது. "உள்ள எல்லாம் சரிதான். பன்னுதான் செத்துப் போயி கீது" என்றார் அம்மா. டோஸ்டரில் சுட்டேன், "ஆஸ்பத்திரி ரொட்டி" என்றார். நான்ஸ்டிக் பேனில் சுட்டேன். "அட்ட மாரி கீது" என்று தட்டைத் தள்ளினார். கனமான இரும்பில் சுட்டால் சரியாகுமோ என்று தோசைக்கல்லை எடுத்தேன். படுக்கையிலிருந்து குரல் வந்தது, அந்தக் காலத்தில் வெளியூர் லைனில் கத்திப் பேசிய டிரங்க் கால் குரல்.

"ஏய்! கல்லுல கை வெக்காத! பன்னு கின்னு பட்டா அப்புறம் தோச எந்திரிக்காது!"

எங்கள் வீட்டுச் சட்டம் அது. அம்மா பழக்கிய அந்தக் கல்லில் தோசையைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை. சப்பாத்திக்கு வேறு கல் உண்டு. நானும் அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள், கல்லை இருந்த இடத்திலேயே மாட்டினேன். அந்த ருசி நாக்கில் படாமலே அம்மா கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் படையலில் அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்றார்கள். பர்கர் வைப்பேன் என்றேன். கூடமே சிரித்தது. "செத்தவங்களுக்கு யாராச்சும் பன்னு படைப்பாங்களா? காக்கா கூட மோந்து பாக்காது" என்றார் மாமா. அதிரசம் பிடிக்கும் என்றார் ஒருவர், பாயசம் என்றார் இன்னொருவர். அம்மா இனிப்பைத் தொட்டுப் பல வருடமாகிறது. இந்த லட்சணத்தில் இவர்கள் சொந்தக்காரர்கள்!

அடுக்களைக்குப் போனால், நான்ஸ்டிக் பேனை யாரோ ஒரு புண்ணியவான் எவர்சில்வர் கரண்டியால் சுரண்டி வைத்திருந்தார். டோஸ்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எவருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது தோசைக்கல். எடுத்தேன். அதட்டல் வரவில்லை. வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்பில் ஏற்றி, எண்ணெய் விட்டு, அரை வெங்காயத்தால் தேய்த்து, பன்னைக் கவிழ்த்து அழுத்தினேன்.

படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது, நான் பார்க்கவில்லை. காக்கைக்கு வைத்தபோது அது வடையைத் தூக்கிக்கொண்டு போனது. மாமா முகத்தில் அப்படியொரு வெற்றிச் சிரிப்பு. காக்கைக்கும் மாமாவுக்கும் ருசி தெரியாது என்று விட்டுவிட்டேன்.

கும்பிட்டு முடித்து, இலையில் இருந்த பர்கரைப் பிட்டு வாயில் போட்டேன். அதுவேதான்! மொறுமொறுத்த ஓரம், தோசை வார்த்து வார்த்துக் கல்லில் ஊறிய எண்ணெய், லேசான புளிப்பு. அந்த ஓட்டலில் பர்கருக்கென்று தனி அடுப்பா வைத்திருந்தார்கள்? ரவா தோசை ஊற்றுகிற அதே கல்லின் ஓரத்தில்தான் பன்னைக் கவிழ்த்துப் போடுவார்கள். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் காத்திருப்போம். "கல்லக் கெடுக்கறான் பாரு" என்று அம்மா உச்சுக் கொட்டியதுகூட அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா கேட்ட ருசியை வீட்டுக்குள் விடாமல் தடுத்தது அம்மாவேதான். கூடத்திலேயே உட்கார்ந்து கதறி அழுதேன். "இப்பத்தான் பொண்ணுக்கு அழுகையே வருது" என்று சொந்தங்கள் திருப்திப்பட்டுக்கொண்டன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. நான் வேலைக்குப் போன பகல்களில் அம்மாவின் வசவுகளைச் சிரித்துக்கொண்டே கேட்ட மாடி வீட்டு அக்காவுக்கும், வலிக்காமல் ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும் என் வணக்கம். காரியத்துக்கு மட்டும் தவறாமல் வந்த உறவினர்களுக்கும் நன்றி. சிரித்து முடித்தபின் மீதிப் பர்கரைத் தின்றுவிட்டு, "பாப்பா, இன்னொண்ணு கீதா?" என்று கேட்ட மாமாவுக்குத் தனி நன்றி.

மறுநாள் காலை அந்தக் கல்லில் தோசை வார்த்தேன். எழுந்து வரவில்லை, ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அம்மா சொன்னது சரிதான். எண்ணெய் தடவிக் காய்ச்சினால் மறுபடி பழகிவிடும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் பழக்கவில்லை. தோசையைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். இந்த ஆண்டுப் படையலுக்கும் பன்னை அதில்தான் சுடப்போகிறேன். அம்மா வந்து திட்டட்டும்.