மேனேஜர் விழுங்கிய நூல்

அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் ஜிப் அக்கா. சலவைக் கடையின் முன்பக்கத்தில், துணி வாங்கிப் போடும் மேஜைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே ஒரு தையல் மிஷினும் ஓர் ஆளும் அடங்கும் இடம் உண்டு. பதினாறு வருஷமாக அந்த ஆள் அவள்தான். புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பாள், தொளதொளக்கும் இடுப்பைப் பிடித்துத் தைப்பாள், லைனிங் மாற்றுவாள். பல்லிளித்து நிற்கும் ஜிப்பை அவளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வாயை மூட வைத்துவிடுவாள். அப்படி வந்த பேர்.

மேனேஜர் என்பது அவளுடைய பூனை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கடைக்குள் நுழைந்து, இஸ்திரி மேஜையின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைக்குது. யாரு, புது மேனேஜரா?" என்றார் கடைக்காரர். பேர் ஒட்டிக்கொண்டது. ஆனால் வெள்ளைச் சட்டைகளில் முடியும் ஒட்டிக்கொண்டதால் கடையில் வைத்திருக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

அவள் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "காலையில இருந்து நாப்பது பிள்ளைங்க கத்துறதக் கேட்டுட்டு வர்றேன். வீட்டுலயும் ஒண்ணா?" என்றார் முதல் நாள். அதற்கு மேல் எதிர்க்கவில்லை. பூனையும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி, பார்த்தால் விலகி வழிவிட்டு, இருவரும் காலம் தள்ளினார்கள்.

பள்ளி திறந்த புதிது அது. முப்பத்தெட்டு சீருடை பேன்ட்டுகள் நீளம் குறைக்க வந்திருந்தன. கடையில் முடியாததை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்தாள். பிரித்த தையலின் நூல்கள் காலடியில் குவிந்தன. வழக்கமாகக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்று இடுப்பு விட்டுப்போனதால் அப்படியே போய்ப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பூனை இரண்டு முறை வாந்தி எடுத்தது. முடி அடைத்திருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். புதன்கிழமை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை கணவர் பஸ் எடுக்கப் போன பிறகு, அலமாரிக்கு அடியில் சுருண்டிருந்த பூனையை வெளியே இழுத்து மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் அடியில் ஒரு கருநீலக் கோடு. சீருடை நூல். நாக்கைச் சுற்றிக்கொண்டு தொண்டைக்குள் போயிருந்தது.

பதினாறு வருஷமாக நூலைப் பிடித்து இழுத்தே பழகிய விரல்கள். யோசிப்பதற்கு முன்னால் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள். அரை விரல் நீளம் வந்திருக்கும். பூனை கத்தியது. அதுவரை அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கையை விட்டுவிட்டாள்.

துணி கொண்டுபோகும் பையில் ஒரு துண்டை விரித்து, பூனையை உள்ளே வைத்து, முகம் மட்டும் வெளியே தெரிய ஜிப்பைப் போட்டு, ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், திரையில் காட்டினார். "நூலோட ஒரு முனை நாக்குல மாட்டியிருக்கு. மறு முனை குடலுக்குள்ள போயிடுச்சு. குடல் அத வெளிய தள்ளப் பாக்குது, முடியல. பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்கும்ல, அந்த மாதிரி குடல் சுருங்கிக் கிடக்கு."

அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. துணி சுருங்குவதைப் பற்றி அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நூலப் பாத்ததும் இழுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"நல்லதாப் போச்சு. இழுத்திருந்தா குடல அறுத்துடும்."

சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க அந்த நொடியில் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். வரவேற்பு மேஜைப் பெண் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். கீழே எழுதியிருந்த தொகையை அக்கா இரண்டு முறை படித்தாள். பாதியை முதலிலேயே கட்ட வேண்டும்.

வங்கியில் அவ்வளவு இருந்தது. ஆனால் அது கணவரின் பல்லுக்கான பணம். இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் மூன்றும் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். புதுப் பல் கட்ட அடுத்த மாதம் முதல் வாரத்தில் நாள் வாங்கியிருந்தார்கள்.

அவருக்கு நாலு தடவை போன் போட்டாள். மணி எட்டரை. பஸ் ஓடும்போது அவர் போனைத் தொட மாட்டார், அது அவளுக்குத் தெரியும். ஒன்பதே காலுக்குக் கடைசிப் பிள்ளை இறங்கிவிடும், அதற்கு மேல் எடுப்பார். அதுவும் தெரியும்.

"முக்கால் மணி நேரம் பொறுக்கலாமா?" என்று வரவேற்புப் பெண்ணைக் கேட்டாள்.

"பொறுக்கலாம். பத்து மணிக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஒன்பது இருபதுக்கு அவரே கூப்பிட்டார். "என்ன, நாலு தடவை கூப்பிட்டிருக்க?"

"மேனேஜர் நூல விழுங்கிட்டாரு. ஆபரேஷன் பண்ணணுமாம்."

"பூனைக்கா? எவ்வளவு கேக்குறாங்க?"

முன்பணத்தை மட்டும் சொன்னாள். அதுதான் மொத்தத் தொகை என்பது போல.

"பல்லுப் பணத்துல இருந்தா?"

"ஆமாங்க. மீதி இருக்கு. நான் எக்ஸ்ட்ரா வேலை எடுத்துச் சேத்துடுறேன்."

"சரி, பாரு," என்று வைத்துவிட்டார்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. வெளியே வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தே அக்கா எழுந்துவிட்டாள். நூல் ஓர் இடத்தில் குடலை அறுத்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தையல் பிடிக்குமா, கசியுமா என்பது நாலைந்து நாளில்தான் தெரியும். அதுவரை பூனை அங்கேயே இருக்க வேண்டும். செலவு காலையில் சொன்னதைவிட அதிகமாகும்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "காலையில நூலப் பிடிச்சு இழுத்தேன். கொஞ்சந்தான். இவ்வளவு." விரலில் அளவு காட்டினாள். அளவு காட்டுவது அவள் தொழில், அதிலாவது பொய் சொல்லவில்லை.

டாக்டர் அந்த அளவைப் பார்த்தார். "மூணு நாளா உள்ள இருந்த நூல். அதுவாவும் அறுத்திருக்கலாம், நீங்க இழுத்ததுலயும் அறுந்திருக்கலாம். என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

உங்களால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் சொல்லவில்லை.

கூண்டுக்குள் பூனை மயக்கம் தெளியாமல் கிடந்தது. வயிற்றில் முடி மழித்த இடம் வெளிறித் தெரிந்தது. அக்காவின் கண் தன்னையறியாமல் தையலை அளந்தது. இடைவெளி ஒரே சீராக இருந்தது. இழுப்பும் அதிகமில்லை. நல்ல கை என்று நினைத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

நான்கு நாளும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு முறை, திரும்பும் வழியில் ஒரு முறை போய்ப் பார்த்தாள். கடையில் ஒரு பேன்ட்டின் இரண்டு கால்களை இரண்டு நீளத்தில் வெட்டிவிட்டாள். அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை. கடைக்காரர் அந்த வாடிக்கையாளருக்கு வேறு பேன்ட் வாங்கிக் கொடுத்தனுப்பினார். அதுவும் அவள் கணக்கில்தான்.

திங்கட்கிழமை பூனையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். மொத்த பில் வந்தது. பல்லுப் பணம் முழுதும் போய், அதற்கு மேலும் பாக்கி நின்றது. நான்கு தவணையில் கட்டலாம் என்று வரவேற்புப் பெண் எழுதிக்கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் ட்ரிப் முடித்து வந்ததும் அக்கா பில்லை அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"நீ சொன்னது இதுல பாதிகூட இல்லையே."

"இல்ல."

"வெட்டி எடுத்ததுக்குக் கூடிப்போச்சுன்னா சரி. ஆனா மொத நாளே நீ சொன்னதவிடக் கூடத்தான் எழுதியிருக்கு."

"ஆமா. தெரிஞ்சேதான் கொறச்சுச் சொன்னேன்."

"பல்லு எங்க போகப்போவுது? இல்லாத பல்லு ஓடியா போயிடும்?" அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் மறைச்ச? நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே யோசித்துப் பார்ப்பது தெரிந்தது. "சொல்லியிருப்பேன்," என்றார் கடைசியில். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவர்கள் சண்டை போட்டதுண்டு, கத்தியதுண்டு. இந்த மாதிரி ஒரு பதிலுக்கு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து குளிக்கப் போனார். மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பூனைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கூழான சாப்பாட்டை ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அக்கா கடையில் விடுப்புக் கேட்க நினைத்தாள். ஆனால் ஒரு விடுதியிலிருந்து அறுபது ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடிக்கும் வேலை வந்திருந்தது. அதை விட்டால் முதல் தவணையே கட்ட முடியாது. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே கணவருக்கு ட்ரிப் கிடையாது.

"நடுவுல நான் பாத்துக்கிறேன். எப்படி ஊட்டணும்னு காட்டிட்டுப் போ," என்றார்.

காட்டினாள். முதல் நாள் பாதி அவர் சட்டையில் போனது. இரண்டாம் நாள் பூனை அவர் மணிக்கட்டைக் கீறியது. மத்தியானம் கடைக்குப் போன் வரும். "உன் மேனேஜர் பாதிதான் சாப்பிட்டாரு. மீதிய என் மேல துப்பிட்டாரு." சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவார். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் இன்னும் தட்டைத்தான் பார்த்தார். ஆனால் போன் ஒரு நாளும் தவறவில்லை.

பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். குடல் பிடித்துக்கொண்டது, ஆனால் உள்ளே தழும்பு இருக்கும், பிற்பாடு தொல்லை வராது என்று உறுதி கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் கணவரும் இருந்தார். நூலை இழுத்த விஷயத்தை அக்கா அவரிடம் அப்போதுதான் சொன்னாள். பூனை இருந்த பை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அதனாலயான்னு அவங்களுக்கும் தெரியலையாம்."

"பின்ன உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தவணைகள் முடிந்தன. மேனேஜர் முன்பைவிட மெலிந்துவிட்டார், ஆனால் இருக்கிறார். அக்கா வீட்டுக்கு வேலை கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். அதனால் வருமானம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. பல் மருத்துவரிடம் வாங்கிய நாளைத் தள்ளி வைத்தார்கள், பிறகு இன்னொரு முறையும் தள்ளி வைத்தார்கள். பூனை எப்போதாவது வாந்தி எடுத்தால் அக்காவுக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது.

போன வாரம் ஜாக்கெட் கொண்டுவந்த ஒருவர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, "ஒரு பூனைக்கா அவ்வளவு செலவு பண்ணீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க, முடிச்சு வெக்கிறேன்," என்று சொல்லி ஜாக்கெட்டை வாங்கி வைத்தாள்.