கால் வைக்காத வீட்டின் கடன்

பூன் லேயில் ஒரு மூன்றறை வீட்டுக்கு, அதாவது ஒரு ஹாலும் இரண்டு படுக்கையறையும் உள்ள வீட்டுக்கு, நான் வருடக்கணக்கில் கடன் கட்டினேன். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. அங்கே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்போது நான் ஒருத்தி மட்டும் இப்படி மாட்டவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்க வீட்டுக்கு வரிசை மிக நீளம். எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் பதிவுத் திருமணம், உடனே வீட்டுக்கு மனு. சாவி வந்த பிறகு கோயிலில் தாலி. அதுவரை பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவன் வீட்டில். பதிவை யாரும் கல்யாணமாக எடுத்துக்கொள்வதில்லை. அது வீட்டுக்காகப் போடுகிற கையெழுத்து, அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. நான் ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நானும் அம்மாவும் தஞ்சோங் பகாரில் ஓர் ஓரறை வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வெல்டர். சொந்தக்காரர்கள் பேசி முடித்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் ஒரு பஸ் ஏறினார், நான் வேறொரு பஸ் ஏறினேன்.

மறுவருடம் அவருடைய அப்பா இறந்தார். சாவு வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கூடாது. தாலி தள்ளிப்போயிற்று. அந்த வருடத்துக்குள்தான் சாவியும் வந்தது.

"வேணாம்னு சொன்னா மறுபடி வரிசையில கடைசிக்குப் போயிடுவோம். வாங்கிடலாம் லா," என்றார் அவர்.

அதில் தப்பில்லை. இரண்டு பேரும் போய்க் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். அந்த மாதத்திலிருந்து என் சேமநிதியிலிருந்தும் அவர் சேமநிதியிலிருந்தும் தவணை பிடித்தார்கள். சாவியை அவருடைய அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தாலி ஏறாம பொண்ணு அந்த வீட்டுல கால் வைக்கக் கூடாது. ஊரு என்ன பேசும்?" என்றாள்.

என் அம்மாவும் தலையை ஆட்டினாள். காசு பிடிக்கலாம், கால் வைக்கக் கூடாது. அன்றைக்கே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் என்ன கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

பூட்டியே கிடந்தால் வீடு கெட்டுவிடும் என்று அவர்கள் குடிபோனார்கள். அவர், அவருடைய அம்மா, அப்புறம் அக்கா, அக்கா புருஷன், அவர்களுடைய பிள்ளைகள். வருடம் முடிந்தது. ஆடி மாதம் என்றார்கள். ஆடி போனதும் மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு மார்கழி. தை பிறந்தும் பேச்சைக் காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். எம்.ஆர்.டி. ரயில் வராத காலம். தஞ்சோங் பகாரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிட்டது.

அவருடைய அக்கா இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினாள்.

"என்னம்மா திடுதிப்புன்னு வந்துட்டே?"

"என் வீட்டைப் பார்க்க வந்தேன் அண்ணி."

"தாலி கட்டின பிறகு பார்க்கலாமே. வீடு எங்கயும் ஓடிடாது."

"நீங்க எப்ப காலி பண்றீங்க?"

"நாங்க ஏன் காலி பண்ணணும்? அம்மாவுக்கும் எங்களுக்கும் ஆளுக்கு ஒரு ரூம். நீங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்கலாம். புதுசா கட்டிக்கிட்டவங்க எங்க படுத்தா என்ன?"

உள்ளே ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் பனியனோடு நின்றார். "நீங்க சொல்லுங்க," என்றேன். "அக்கா சொல்றதும் சரிதானே, கொஞ்ச நாளைக்கு," என்றார். தாழ்வாரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரி எனக்காகப் பரிதாபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கேயே சொன்னேன்: இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

சொல்வது சுலபம். அம்மா அதைவிடச் சுலபமாகச் சொன்னாள்: "தாலியே ஏறல. வேணாம்னா விட்டுடலாம். வேற மாப்பிள்ளை பார்க்கலாம்." அவளைப் பொறுத்தவரை நான் கல்யாணம் ஆகாத பெண். வீடமைப்பு அலுவலகத்துக்கு நான் ஒருவருடைய மனைவி, ஒரு வீட்டில் பாதிச் சொந்தக்காரி. என் பெயர் அந்தக் கடனில் இருக்கிறவரை அம்மாவையும் சேர்த்து எங்களுக்கென்று ஒரு வீட்டுக்கு எழுதிப்போட முடியாது. வாடகை அறையில் மழை பெய்தால் சுவர் வியர்க்கும், அம்மா விடிய விடிய இருமுவாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் பெயர் அந்தக் கடனிலிருந்து வெளியே வர வேண்டும்.

"கல்யாணம் முறிஞ்சதுக்குக் கோர்ட் உத்தரவு கொண்டாங்க. அது இல்லாம பெயரை எடுக்க முடியாது," என்றார்கள் அலுவலகத்தில்.

சிராங்கூன் சாலையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு தமிழ் வக்கீல் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்தது.

"விவாகரத்துக்குப் போனா வருஷக்கணக்குல இழுக்கும்மா. உங்களது வேற வழி. பதிவு பண்ணீங்க, தாலி கட்டல, சேர்ந்து வாழல. ஒருத்தர் சடங்கை வேணும்னே மறுத்தா, அந்தக் கல்யாணத்தைச் செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லும். இந்த மாதிரி என்கிட்ட நிறைய வந்திருக்கு."

"அப்ப எழுதுங்க சார். அவர்தான் மறுத்தார்."

எழுதினார். தாள் பூன் லேக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தாய்மாமன் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாடி முழுக்கக் கேட்கும் குரல்.

"எங்க பையன் ஆம்பளை இல்லன்னு கோர்ட்டுல எழுதிக் குடுப்பியா நீ?"

"அப்படி யாரும் எழுதல மாமா."

"புருஷன் பெண்டாட்டியா வாழலன்னு எழுதியிருக்கே! அதுக்கு என்ன அர்த்தம்?"

"வாழலன்னுதான் அர்த்தம். அவர் ஆம்பளையா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டைக்கூடத் திறக்கலையே!"

எதிர் வீட்டுச் சீனக் கிழவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார். தமிழ் புரியாது, சண்டை புரியும். அம்மா என்னை உள்ளே இழுத்தாள். மாமா போகும்போது தீர்மானமாகச் சொன்னார்: அந்தத் தாளில் பையன் கையெழுத்துப் போடமாட்டான், வழக்காடுவான், எத்தனை வருடமானாலும் சரி. எல்லோரும் தாலிக்குத் தேதி பார்த்துக் காத்திருந்தோம், பெண்தான் வரவில்லை என்று சாட்சி சொல்வார்களாம்.

வக்கீலிடம் ஓடினேன். வழக்காடலாம், ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் நாள் ஆகும் என்றார். அதுவரை? அதுவரை தவணை பிடிப்பார்கள். அவர்களுக்கு என்ன அவசரம்? வீட்டில் இருப்பது அவர்கள். பாதியைக் கட்டுவது நான். நான் வழக்காடுகிற ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு லாபம்.

இரண்டு மாதம் யோசித்தேன். தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன். பிறகு அவருக்கு ஆள் அனுப்பினேன். என் மனுவை எடுத்துவிடுகிறேன், அவரே என் மேல் மனு போடட்டும். பெண் சடங்கை மறுத்தாள் என்று எழுதட்டும். நான் எதிர்க்கமாட்டேன். பதிலுக்கு, உத்தரவு வந்தவுடன் என் பெயருக்குப் பதில் அவருடைய அம்மா பெயரைப் போட்டுக் கடனை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நீதான் வேணாம்னு சொன்னேன்னு எழுதினா உன்னை யாருடி கட்டுவான்? பொய்யி! சாமிக்கு அடுக்குமா?"

"கட்டுறவன் வாடகை வீட்டுக்குத்தான் வரணும்மா. முதல்ல நமக்கு வீடு வேணும்."

அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அவர்கள் ஒரே வாரத்தில் சம்மதித்தார்கள். அத்தனை நாள் முடியாது முடியாது என்றது எல்லாம் பெண்தான் மறுத்தாள் என்கிற அந்த ஒரு வரிக்காக.

நீதிமன்றத்தில் அவர் நின்றுகொண்டு, நான்கு முறை ஆள் அனுப்பியும் பெண் வரவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீதிபதி என் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். சொல்ல எனக்கு நிறைய இருந்தது. இரும்புக் கேட்டு, ஹால், ஆடி, மார்கழி, ஒவ்வொரு மாதமும் பிடித்த தவணை. "ஒண்ணுமில்லை," என்றேன். வெளியே வந்ததும் அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "நல்லா இரும்மா," என்றாள். அப்போது நான் பேசிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வீடமைப்பு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பதிவுக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"கோவமா?" என்றார்.

"பேனாவைக் குடுங்க," என்றேன்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு மாதம் தவணை பிடித்தார்கள். அதற்கும் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்று கத்தினேன். பிறகு நின்றது.

அதற்கடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு புது வீட்டுக்கு மனு கொடுக்கப் போனேன். புக்கிட் பாஞ்சாங்கில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே கேட்டோம். முகப்பில் இருந்த சீனர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு வந்தார்.

"நீங்க ஏற்கெனவே ஒரு வீடு வாங்கியிருக்கீங்க. இப்பதான் அதை விட்டிருக்கீங்க. சில வருஷம் காத்திருக்கணும். அதுக்கப்புறமும் முதல் முறை வாங்குறவங்களுக்குப் பின்னாடிதான்," என்றார் ஆங்கிலத்தில்.

"நான் அதுல குடியிருக்கவே இல்லை."

"பெயர் இருந்துச்சே."

அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் மலாயில் கேட்டாள். "தா போலே, ஆன்ட்டி," என்றார் அவர், முடியாது என்று. நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. யாராவது குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

மனுவைக் கைவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டாள். விடமாட்டேன் என்றேன். காத்திருக்கிறவர்கள் பட்டியலில் இன்றைக்கே என் பெயரைப் போடுங்கள், எவ்வளவு பின்னால் இருந்தாலும் பரவாயில்லை என்று அவரிடம் சொன்னேன். இப்போது போட முடியாது, காலம் முடிந்த பிறகு வாருங்கள் என்றார். அந்தக் காலம் முடிகிற தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். அடியில் அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"போடுங்க," என்றேன். போட்டார்.