நுனி உடையாத நத்தை

என் நாத்தனார் செயற்கைப் பல் செய்கிறவள். பகலில் ஊரார் வாய்க்குப் பல். சாயங்காலமானால் பதினாறு கோடி ஆண்டுக்கு முந்தைய, ஜுராசிக் காலத்துக் கடல் நத்தை. இரண்டுக்கும் ஒரே கருவிதான். பல்லைத் தேய்க்கிற சின்ன ட்ரில்லால், கல்லாகிப்போன ஓடுகளிலிருந்து களிமண்ணைச் சுரண்டுவாள். எங்கள் வீட்டு மாடியறை அவளுடையது. படி முழுக்க வெள்ளைத் தூசி, கூட்டுகிறவள் நான்.

எட்டு வருடம் முன்பு, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளத்தில் அவளுக்கு விரல்நகம் அளவு நத்தைகள் கிடைத்தன. ஒவ்வொரு சுற்றிலும் பதினோரு மேடு, குறுக்கே இரண்டு மெல்லிய கோடு. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. அளந்து, படம் வரைந்து, நாலு முறை திருத்தி எழுதி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். புது இனம் என்று அச்சில் வந்தது. செத்துப்போன தன் அம்மாவின் பெயரை அதற்கு வைத்தாள். என் மாமியார் இருந்தவரை என்னைத்தான் நத்தை என்பார். அவரே நத்தையானதில் எனக்கு ரகசியத் திருப்தி. என் கணவருக்கோ தலைகால் புரியவில்லை. பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

போன வருடம் அதே பள்ளத்தில் கட்டைவிரல் நீளத்தில் ஒன்று அகப்பட்டது. வழவழவென்று, எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம். ஆனால் அது எப்போதும் நுனி உடைந்துதான் கிடைக்கும், இதில் உடையவில்லை. நத்தை குட்டியாக இருந்தபோது கட்டியதுதான் ஓட்டின் நுனி. வளர வளர அதிலிருந்து சுற்றிக்கொண்டே போகும். மூன்று நாள் சுரண்டி நுனியை வெளியே கொண்டுவந்தாள். பதினோரு மேடு, இரண்டு கோடு. அம்மாவின் நத்தை தனி இனமே இல்லை. பழைய நத்தையின் குட்டி.

உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. ஆகவே அம்மா பெயர் போய்விடும். அந்த வகை நத்தை வேறெதற்கும் அதை மறுபடி வைக்கவும் கூடாதாம். சொந்தச் செலவில் சூனியம் எதற்கு என்று கேட்டேன். நானாக இருந்தால் டப்பாவில் போட்டு மூடியிருப்பேன், சத்தியமாக. அவள் ஒரே வாரத்தில் எழுதி அனுப்பிவிட்டாள்: இந்தப் பெயர் செல்லாது, பிழை என்னுடையது.

அது அச்சில் வந்த அன்று என் கணவர் மாடியேறினார். பின்னாலேயே நானும் போனேன்.

“யாருக்கும் தெரியாதே. அம்மா பேரை நீயே ஏன் அழிச்சே?”

அவள் ட்ரில்லை நிறுத்தினாள்.

“ஒரு தப்பு மேல அம்மா பேர் ஒட்டிக்கிட்டு இருக்கிறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலண்ணா.”

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். முதலில் சின்ன நத்தையைப் பார்த்தார், பிறகு பெரியதன் நுனியை. உதடு அசைய எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.